நனைந்தவனுக்குப் பங்கு

இளையதம்பிக்கு மகள் பிறந்து ஆறு நாளாகிவிட்டது. தாயின் மார்பில் இன்னும் பால் சுரக்கவில்லை. சங்கதி இவ்வளவுதான். இதற்கு மேலும் ஒரு மனிதனுக்குத் துன்பம் வேண்டுமென்றால் அவன் காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும்.

முதல் மூன்று நாளும் பிள்ளை கூரை பறக்கிற மாதிரி அழுதது. நாலாம் நாள் அழுகை மெலிந்தது. ஐந்தாம் நாள் அது பூனைக்குட்டி போல முனகத் தொடங்கியது. சீனித் தண்ணீரைத் துணியில் தோய்த்து வாயில் வைத்தார்கள். அது மட்டும் கொஞ்சம் இறங்கியது. ஆட்டுப்பால் கொடுத்தார்கள், கக்கியது. ஒட்டுசுட்டான் கடையிலே பால்மா வாங்கிக் கரைத்து ஊற்றினார்கள், அதையும் கக்கியது. சாண் நீளம் இல்லாத பிள்ளைக்கு அவ்வளவு பிடிவாதம். தகப்பனைக் கொண்டு பிறந்தது என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள்.

வீட்டில் அப்போது சட்டமும் நீதியும் மச்சாள் நாகேஸ்வரிதான். இளையதம்பியின் மனைவி விமலேஸ்வரியின் மூத்த அக்கா. தாய் இல்லாத தங்கைக்குப் பிள்ளைப்பேறு பார்க்கவென்று புத்தூரிலிருந்து பஸ் மாறிப் பஸ் ஏறி வந்தவள், வந்த அன்றே குசினியைக் கழுவி, சாதி பார்த்து வீட்டுக்கு எல்லையும் போட்டுவிட்டாள். இன்ன ஆக்கள் முற்றத்தோடு நிற்கவேண்டும், இன்ன ஆக்கள் விறாந்தை வரை வரலாம், அறைக்குள் வருவது என்றால் எங்கட ஆக்கள் மட்டும் என்று அவளிடம் ஒரு சட்டப் புத்தகமே இருந்தது. காட்டை வெட்டிக் குளத்து நீரை மறித்து உண்டாக்கிய குடியேற்றத்தில் யானைகூட இந்த எல்லைகளைப் பார்ப்பதில்லை. ஆனால் நாகேஸ்வரி மச்சாளோடு வாதாட யானைக்கும் துணிச்சல் வராது.

அவள் சொன்ன வைத்தியம் ஒன்றே ஒன்று. பச்சைத் திரளி மீன், அதிலும் விரல் நீளக் குஞ்சுத் திரளி, மிளகும் சீரகமுமாகச் சரக்கு அரைத்துப் பத்தியக் கறியாக வைத்துத் தாய்க்குக் கொடுக்கவேண்டும். கொடுத்தால் பால் வரும். கருவாடு கூடாது. குளத்து மீனும் கூடாது.

மார்கழி மாதத்தில் பச்சை மீனுக்கு எங்கே போவது? வாடைக்காற்று அடிக்கத் தொடங்கி இருபது நாளாயிற்று. கடல் கொந்தளித்து வள்ளங்கள் எல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்தன. ஒட்டுசுட்டான் சந்தையில் கருவாட்டைத் தவிர வேறு மணம் இல்லை. மல்லாவிப் பக்கம் விசாரித்த ஒருவன் அங்கேயும் அதே கதைதான் என்றான். இளையதம்பி வீட்டுக்கு வந்து ஒரு சாக்கை மடித்துச் சைக்கிளின் பின்னால் கட்டினான்.

"மீன் இல்லாமல் இந்த வாசல் படலையைத் திறக்கமாட்டன்" என்று மனைவிக்குக் கேட்கும்படி சொன்னான். உள்ளே விமலேஸ்வரி ஆறு நாளாக அழுது, அழுவதற்கும் தெம்பில்லாமல் கிடந்தாள்.

பதினைந்து மைல் மிதித்து அவன் முல்லைத்தீவுக்குப் போய்ச் சேரப் பொழுது பட்டுவிட்டது. அங்கே அவனுக்குத் தெரிந்த ஒரே மனிதர் ஹமீட் நானா. வருடா வருடம் அவனுடைய நெல்லை எடுக்கிற வியாபாரி. ஹமீட் சோறு போட்டு, கடைக்குள் பாய் விரித்துக் கொடுத்து, வழியும் சொன்னார். தெற்கே மூன்று மைலில் ஓர் ஆற்றுவாய் இருக்கிறது. விடிய அங்கே வலைக்காரர் வருவார்கள். கடலுக்குள் போகாமல், அலை உடைகிற இடத்திலேயே நின்று இழுக்கிற வலை. இரண்டு நாளாகக் குஞ்சுத் திரளி அந்தக் கரையை ஒட்டித் திரிகிறதாம். இதையெல்லாம் சொன்ன ஹமீட் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டார். அது சொல்லவேண்டிய விஷயம் என்று கடற்கரையில் யாருக்குமே தோன்றாது.

நல்லாய் விடிய முந்தியே இளையதம்பி ஆற்றுவாய்க்குப் போய்விட்டான். ஒரு காக்காய்க் குஞ்சுகூட அங்கே இல்லை. ஒரு பக்கம் ஆறு மழை வெள்ளத்தில் தளும்பிக்கொண்டு நின்றது. மறு பக்கம் கடல். இரண்டுக்கும் நடுவே நாற்பது அடி அகலத்தில் ஒரு மணல்மேடு. கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து ஆற்றின் வாயை அடைத்துவிடும். மாரியில் ஆறு நிரம்பியதும் மீன்பிடிக்கும் கரையார் அந்த மணலில் ஒரு சிறிய வாய்க்கால் வெட்டிவிடுவார்கள். மிச்சத்தை ஆறே உடைத்துக்கொண்டு பாயும். நல்ல தண்ணீர் கடலில் விழுந்ததும் குஞ்சு மீன் எல்லாம் அந்தத் தண்ணீருக்கு ஓடிவரும். இது அந்தக் கரையில் நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். ஹமீட் சொல்லாமல் விட்டதும் இதைத்தான்.

இளையதம்பி கண்டது வேறு. மணல்மேட்டின் நடுவே ஒரு முழ அகலத்தில் ஆற்றுத் தண்ணீர் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் மணல் பொத்துப் பொத்தென்று சரிந்தது. அவன் மனதில் ஒரே ஒரு சொல்தான் எழுந்தது. உடைப்பு.

ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் குளக்கட்டு இப்படித்தான் ஒரு முழத்தில் தொடங்கியது. "பார்ப்பம், பார்ப்பம்" என்று நாலு பேர் கதைத்துக்கொண்டு நிற்க, ஒரு மணித்தியாலத்தில் கட்டு போனது, வயல் போனது, இளையதம்பியின் இரண்டு மாடும் போயின. அது நடந்து இரண்டு வருடம். அன்றிலிருந்து தண்ணீர் கசிகிற இடத்தைக் கண்டால் அவனுடைய கை சும்மா இருக்காது. போதாக்குறைக்கு மணலில் இரண்டு மண்வெட்டிகளும் குத்தி நின்றன. அவை ஏன் அங்கே நிற்கின்றன என்று யோசிக்க அவனுக்கு எங்கே நேரம்? கடவுளே கொண்டுவந்து வைத்ததாக நினைத்து ஒன்றை இழுத்தெடுத்தான்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆனால் வேலையில் அவன் மட்டமில்லை, அதையும் சொல்லவேண்டும். சாக்கில் மணல் நிரப்பி வாய்க்காலின் தலைப்பில் வைத்தான். கரையில் படர்ந்த அடம்பன்கொடியை வாரியள்ளித் திணித்தான். மேலே மணல் போட்டு மிதித்தான், மறுபடி போட்டான், மறுபடி மிதித்தான். ஆற்றுப் பக்கம் அடைபட்டதும் கடல் தன் பக்கத்து வாய்க்காலைத் தானே மணலால் தூர்த்துவிட்டது. அரை மணித்தியாலத்தில் உடைப்பு இருந்த தடமே தெரியவில்லை. இளையதம்பி அதன்மேல் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தான். ஊரைக் காப்பாற்றியவனுக்கு ஊரார் வந்து நன்றி சொல்வார்கள், இரண்டு மீனும் சேர்த்துத் தருவார்கள் என்று அவன் மனம் கணக்குப் போட்டது.

ஊரார் வந்தார்கள். பன்னிரண்டு ஆண்கள் வலையைத் தோளில் சுமந்துகொண்டு வரிசையாக வந்தார்கள். பின்னால் பெண்கள் ஓலையால் பின்னிய மீன் பறிகளோடு வந்தார்கள். முன்னால் வந்த கரிய, அகன்ற மனிதன் வலைக்குச் சொந்தக்காரனான ஏரம்பு. அவன் மணல்மேட்டைப் பார்த்தான், ஆற்றைப் பார்த்தான், கடைசியாக இளையதம்பியைப் பார்த்தான்.

"இதிலை ஒரு வாய்க்கால் ஓடினதே?" என்று கேட்டான்.

"ஓம். உடைச்சுக்கொண்டு போகப் பாத்தது. நான் அடைச்சுப்போட்டன்" என்றான் இளையதம்பி, கொஞ்சம் பெருமையோடுதான்.

அதற்குப் பிறகு அங்கே எழுந்த வார்த்தைகளை அச்சில் போட முடியாது. பின்னால் நின்ற ஒருவன் அழுதே விட்டான். நேற்றுப் பின்னேரம் பன்னிரண்டு பேரும் கை வலிக்க வலிக்க வெட்டிய வாய்க்கால் அது. இருபது நாள் கடல் இல்லாமல் வீட்டில் கஞ்சி குடித்த சனம். விடிய ஆறு தானாக உடைக்கும், வந்து வலை வளைக்கலாம் என்று போய் நிம்மதியாகப் படுத்தவர்கள். அந்த வாய்க்காலை ஒருவன் வந்து மூடுவான் என்று யார் கண்டது? அந்தக் கரையில் பிறந்த நாய்கூட அதைச் செய்யாது.

இளையதம்பிக்கு விஷயம் விளங்கியது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்துவிட்டது. வெட்கத்தில் ஓடிவிடலாம் என்றால், எங்கே ஓடுவது? மீன் இல்லாமல் படலை திறக்கமாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லியாயிற்று. அவன் எழுந்து நின்று மகளின் கதையை நாலு வரியில் சொன்னான். குஞ்சுத் திரளி ஒரு கை அளவு போதும், கேட்கிற விலை தருகிறேன் என்றான்.

ஏரம்புவின் முகம் இளகவில்லை. ஆற்றுவாய் வெட்டிய முதல் வலைக்கு விலை கிடையாது என்றான் அவன். அப்பன் பாட்டன் காலத்து ஏற்பாடு அது. அந்த மீனை நிறுக்கக் கூடாது, விற்கக் கூடாது. தண்ணீரில் இறங்கி நனைந்தவனுக்குப் பங்கு. நனையாதவன் கவர்னர் ஆனாலும் மணத்தை முகர்ந்துவிட்டுப் போகவேண்டியதுதான். அதுவும் இன்றைக்கு மணத்துக்கும் வழியில்லை. வெயில் ஏறினால் கடல் ஏறும், அதற்குப் பிறகு வெட்டினாலும் ஆறு உடைக்காது. மீன் அடுத்த ஆற்றுவாயைத் தேடிப் போய்விடும்.

"வெயில் ஏற முந்தித் திறந்தால்?" என்றான் இளையதம்பி.

"பன்னிரண்டு பேர் ஒரு பின்னேரம் வெட்டினது."

"நான் வெட்டுறன்."

"வெட்டினவனுக்குப் பங்கில்லை. நனைஞ்சவனுக்குத்தான்."

"அப்ப நனையிறன்."

"நீந்தத் தெரியுமோ உமக்கு?"

"தெரியாது."

யாரோ சிரித்தார்கள். ஏரம்பு சிரிக்கவில்லை. அடைத்தவரே வெட்டட்டும் என்று கையைக் காட்டிவிட்டு, வலையைப் பிரிக்கச் சொன்னான். திறக்கும் என்ற நம்பிக்கையில் அல்ல. வந்ததற்கு வலையையாவது உதறிக் காயப்போடலாம் என்றுதான்.

இளையதம்பி சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு மண்வெட்டியைத் தூக்கினான். கடலைப் பற்றி அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் மண்ணைப் பற்றித் தெரியும், தண்ணீருக்கு எப்படி வழி காட்டுவது என்றும் தெரியும். வலைக்காரர் ஆற்றிலிருந்து கடலுக்கு நேராக வெட்டியிருந்தார்கள். தண்ணீர் நேரைப் பார்க்காது, பள்ளத்தைத்தான் பார்க்கும் என்பது வயல்காரன் பாடம். அவன் கடல் பக்கத்திலிருந்து தொடங்கினான். அலை வந்து தூர்க்காத ஒரு பள்ளமான மூலையைப் பார்த்து, அங்கிருந்து சரிவாகக் குறுக்கே, நேற்று வெட்டி இளகிக் கிடந்த மணலோடு சேரும்படி, ஆற்றை நோக்கி வெட்டிக்கொண்டு போனான். கீழே ஆழம், மேலே போகப் போகத் தட்டை. ஆற்று ஓரத்தில் இரண்டு அடி மணலை மட்டும் தொடாமல் விட்டான்.

எத்தனை மண்வெட்டி போட்டான் என்று அவனுக்கே தெரியாது. நாலைந்து நாள் நித்திரை இல்லாத உடம்பு. கை கொப்பளித்தது, கொப்பளம் உடைந்தது, உப்புத் தண்ணீர் அதில் பட்டு நெருப்பாக எரிந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் மகளின் முனகல் காதில் கேட்டது. அது கேட்காமல் போய்விடுமோ என்ற பயம் அவனை நிமிரவிடவில்லை. முதுகு இரண்டாய் முறிந்தாலும் முறியட்டும், வாய்க்கால் திறக்கவேண்டும். ஏரம்பு வந்து வாய்க்காலின் போக்கை ஒரு முறை பார்த்துவிட்டு, திரும்பிப் போய், வலையைக் கடலில் வளைத்துப் போடச் சொன்னான். இளையதம்பிக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஒரு பனை உயரம் வெயில் ஏறமுன் அவன் கடைசி இரண்டு அடியில் மண்வெட்டியை இறக்கினான். மூன்றாவது வெட்டில் ஆறு புரண்டது. வாய்க்கால் ஒரு முழமாய், ஓர் ஆள் நீளமாய், கண் மூடித் திறக்கமுன் ஒரு வண்டில் போகும் அகலமாய் விரிந்தது. எல்லாம் அவன் நினைத்தபடியே நடந்தது, ஒன்றைத் தவிர. வயலில் வாய்க்கால் வெட்டுகிறவன் எந்தப் பக்கம் நின்றாலும் முழங்கால்தான் நனையும். அந்தப் பழக்கத்தில் அவன் இறங்கி நின்றது வாய்க்காலுக்குள். ஆறு அவனையும் மண்வெட்டியையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்க் கடலில் போட்டது.

தண்ணீருக்குள் அவன் இரண்டு தரம் குத்துக்கரணம் அடித்தான். மூக்கிலும் வாயிலும் பாதி நல்ல தண்ணீரும் பாதி உப்புத் தண்ணீரும் ஏறியது. கை எதிலோ பட்டது. கயிறு. வலையின் கயிறு. அதைப் பிடித்தபோது நெஞ்சளவு தண்ணீரில் நின்ற ஏரம்புவின் குரல் கேட்டது.

"விடாதையும். காலை ஊண்டி நில்லும்."

காலை ஊன்றுவதில் அவனை யாரும் மிஞ்ச முடியாது. எட்டு வருடம் சேற்றில் நின்ற கால்கள். அலை தலைக்கு மேலே வந்தது, போனது, அவன் நின்றான். அடுத்தது வந்தது, நின்றான். கயிற்றை மடித்துக் கையில் சுற்றிக்கொண்டு, பக்கத்தில் நின்றவன் இழுத்தபோது இழுத்தான், விட்டபோது விட்டான். கண்ணைத் திறந்தபோது அலையின் வயிற்றுக்குள் வெள்ளி வெள்ளியாய் ஆயிரக்கணக்கில் ஏதோ திரும்பியது. அவனுடைய தொடையிலும் விலாவிலும் சின்னச் சின்னதாய் முட்டியது. குஞ்சுத் திரளி. இவ்வளவும் தன் கையெட்டும் தூரத்தில் உயிரோடு நிற்பதைக் கண்டு இளையதம்பி கடலுக்குள்ளேயே அழுதான். கடலில் அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது.

வலை கரைக்கு வந்தபோது அதைத் தூக்கப் பெண்களும் ஓடிவந்தார்கள். மீன் மணலில் குவிந்தது. பங்கு பிரிப்பது ஏரம்புவின் மனைவி கமலாசனி. அவள் எட்டு மாதக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே மீனைக் கூறு கூறாக வைத்துப் போனாள். பதின்மூன்றாவது கூறு வைக்க அவள் குனிந்தபோது ஒருவன் மறித்தான். அவர் இறங்கி நனையவில்லை, விழுந்துதான் நனைந்தார், விழுந்தவருக்குப் பங்கு என்று யார் சொன்னது என்பது அவனுடைய வழக்கு. வாய்க்காலை மூடியதற்குத் தண்டம் வேண்டும் என்றான் இன்னொருவன். கமலாசனி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கடல் ஆரைக் கேட்டு நனைக்குது?" என்றாள். கூறு வைத்தாயிற்று.

இளையதம்பி தன் பங்கை ஒருத்தி கொடுத்த பறியில் அள்ளி, மேலே ஈர மணலும் இலையும் போட்டு மூடினான். அவசரமாகச் சைக்கிளை எடுத்தவனைக் கமலாசனி நிறுத்தினாள். பிள்ளை பிறந்து எத்தனை நாள், என்ன குடிக்கிறது, மூத்திரம் போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது.

"அண்ணை, இந்தக் கறியைத் திண்டு பால் ஊற மூண்டு நாள் செல்லும். அதுவரைக்கும் பிள்ளை என்னத்தைக் குடிக்கும்?"

அந்தக் கேள்வியை வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. மீன், மீன் என்று ஓடியவன் அதற்கு அப்பால் ஓர் அடி யோசிக்கவில்லை. இப்போது பறி நிறைய மீனை வைத்துக்கொண்டு அவன் வெறுங்கையோடு நிற்பவனைப் போல நின்றான்.

கமலாசனி கணவனிடம் திரும்பினாள். "இஞ்சேருங்கோ, நான் போய்க் குடுத்திட்டு வாறன். எனக்கு இரண்டு பிள்ளைக்குப் பால் காணும்."

ஏரம்பு கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். சுருட்டி முடித்துவிட்டுத்தான் பேசினான். "குடுக்கலாம். அவையள் உன்னை வீட்டுக்குள்ள விடுவினமோ எண்டு கேள்."

பொய் சொல்லக் கூடாது, இளையதம்பி ஒரு கணம் தயங்கினான். மச்சாளின் முகம் கண் முன்னே வந்தது. முற்றம், விறாந்தை, அறை என்று அவள் போட்ட எல்லைகள் வந்தன. புத்தூரில் நாலு பேர் என்ன கதைப்பார்கள் என்பதும் வந்தது. வெள்ளம் தலைக்கு மேலே போனால் சாண் என்ன, முழம் என்ன? சற்று முன் அந்த வெள்ளத்துக்குள் குரல் கொடுத்துக் காத்தவன் முன்னால் நின்றுகொண்டு இதற்குத் தயங்கியதற்காக அவனுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"என்ர வீடு. நான் கூட்டிக்கொண்டு போறன். வாங்கோ தங்கச்சி, நீங்களும் வாங்கோ" என்று ஏரம்புவிடமும் சொன்னான்.

பத்து மணி பஸ்ஸின் கூரையில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு நால்வரும் ஒட்டுசுட்டானில் இறங்கினார்கள், கைக்குழந்தையையும் சேர்த்து. அங்கிருந்து இரண்டு மைல் குளத்துக்கட்டு வழியே நடை. வழியெல்லாம் இளையதம்பி முன்னால் ஓடுவதும் நின்று திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தான். வீடு நெருங்க நெருங்க அவன் காதைக் கூர்மையாக்கினான். ஒரு சத்தமும் இல்லை.

படலையடியில் நாகேஸ்வரி நின்றாள். பறியைக் கண்டதும் முதலில் அவள் முகம் மலர்ந்தது. பின்னால் வருகிற பெண்ணைக் கண்டதும் சுருங்கியது. சேலைக் கட்டையும் உப்புப் படிந்த காலையும் பார்த்தே அவள் எல்லாவற்றையும் அறிந்துகொண்டாள். இளையதம்பி விஷயத்தைச் சொன்னான். அவள் வழியை விட்டு விலகவில்லை. மீனுக்கு நன்றி சொல்லி, அரிசியும் தேங்காயும் கொடுத்து அனுப்பலாம், இது வேறு கதை என்றாள் தாழ்ந்த குரலில். பாலோடு என்னவெல்லாம் போகும் என்று அவனுக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

"மச்சாள்," என்றான் இளையதம்பி, "பிள்ளை அழுது எவ்வளவு நேரம்?"

நாகேஸ்வரி அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து பிள்ளை அழவில்லை. அதை அவள் யாருக்கும் சொல்லாமல் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு படலையடியில் நின்றிருக்கிறாள் என்பது அந்த முகத்தைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்தது. அவன் மச்சாளைத் தள்ளவில்லை, திட்டவில்லை. கையால் மெல்ல விலக்கி, கமலாசனியை முற்றத்தைத் தாண்டி, விறாந்தையைத் தாண்டி, அறைக்குள் கூட்டிக்கொண்டு போனான்.

விமலேஸ்வரி வந்தவளை ஏறிட்டுப் பார்த்தாள். ஆர், எந்த ஊர் என்று கேட்கவில்லை. பக்கத்தில் கிடந்த துணி மூட்டையைத் தூக்கி நீட்டினாள். கமலாசனி சுவரோடு சாய்ந்து நிலத்தில் உட்கார்ந்து பிள்ளையை வாங்கினாள். முதலில் அது வாயைத் திறக்கவே இல்லை. அவள் இரண்டு துளி பாலை அதன் உதட்டில் பீய்ச்சினாள். காத்திருந்தாள். மறுபடி பீய்ச்சினாள். மூன்றாம் தரம் அந்தச் சின்ன நாக்கு வெளியே வந்து உதட்டைத் தடவியது. அதன் பிறகு பிடித்த பிடியை அது விடவில்லை. மடக்கு மடக்கென்று விழுங்கும் சத்தம் வெளியே விறாந்தைவரை கேட்டது. இளையதம்பி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நிலைக்கதவைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்துவிட்டான்.

முற்றத்தில் பாலை மரத்தடியில் ஏரம்பு தன் பிள்ளையைத் தோளில் போட்டு உலாத்திக்கொண்டிருந்தான். தன்னுடைய சாப்பாடு வேறு யாருக்கோ போவது தெரிந்தோ என்னவோ அது ஊரைக் கூட்டி அழுதது.

குசினியில் நாகேஸ்வரி மீனைக் கழுவினாள், சரக்கரைத்தாள், கறி வைத்தாள். சட்டியும் அகப்பையும்தான் பேசின. சத்தத்தைக் கேட்டு இளையதம்பி ஒரு சண்டைக்குத் தயாராகவே இருந்தான். தங்கை சாப்பிட்டு முடிந்ததும் அவள் இன்னொரு கோப்பையில் சோறும் கறியும் போட்டுக்கொண்டு அறைக்குள் வந்து நின்றாள். பிள்ளை குடித்துக் களைத்து, மார்பை விடாமலே கண்ணயர்ந்திருந்தது. கமலாசனியின் இரண்டு கையும் பிள்ளைக்குக் கீழே இருந்தன. பேந்து சாப்பிடுறன் அக்கா, கையை எடுத்தால் எழும்பிவிடும் என்று அவள் மெல்லச் சொன்னாள்.

நாகேஸ்வரி சேலையை ஒதுக்கிக்கொண்டு அவளுக்கு எதிரே நிலத்தில் உட்கார்ந்தாள். ஒரு திரளியை எடுத்து முள்ளை ஒவ்வொன்றாகக் களைந்து, சோற்றோடு குழைத்து, ஒரு கவளத்தை அவள் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"பால் குடுக்கிறவள் பசி கிடக்கக் கூடாது. ஆக்காட்டு" என்றாள்.

கமலாசனி வாயைத் திறந்தாள்.